மொய் எழுதக்கூட லாயக்கில்லாதவன்!

கல்யாண வீட்டில் இரண்டு பேருக்குத்தான் நிஜமான மரியாதை. ஒருவர், சமையல்காரர். இன்னொருவர், மண்டப வாசலில் சின்ன மேஜை போட்டு, பெரிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மொய் எழுதுகிறவர். மாப்பிள்ளை என்ன கலர் சட்டை போட்டிருந்தார் என்பது மறுநாளே மறந்துபோகும். மொய் நோட்டை முப்பது வருஷத்துக்கு யாரும் மறக்க மாட்டார்கள்.

எங்கள் மதுரைப் பக்கத்தில் மொய் என்பது வெறும் அன்பளிப்பு இல்லை ஸார், அது ஒரு பாங்க்! பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஆனால் கடன் கடன்தான். நீங்கள் 501 எழுதினால், உங்கள் வீட்டு விசேஷத்தில் எதிராளி 501-க்குக் குறையாமல் திருப்பி எழுதியாக வேண்டும். பத்திரிகை வந்த உடனே பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கி, பழைய நோட்டைத் தூசி தட்டி, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுவார்கள். "இங்க பாரு, நம்ம மூத்தவ கல்யாணத்துக்கு அவன் 101 தான் எழுதியிருக்கான்!" காமர்ஸ் புத்தகத்தில் 'வராக்கடன்' என்று ஒரு பாடம் உண்டு. மொய் நோட்டில் அந்தப் பாடமே கிடையாது. எல்லாம் வரும். வந்தே தீரும்.

என் வாழ்க்கையின் முதல் பெரிய அவமானம் இந்த மொய் நோட்டை வைத்துத்தான் நடந்தது.

2009-ஆம் வருஷம், ஆவணி மாதம். உறவில் ஒரு கல்யாணம். நான் அப்போது பி.காம். மூன்றாம் வருஷம். பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாயிற்று. எதிர் வரிசையில் பெரியப்பா. பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம். வயசுப் பையன்களைப் பார்த்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்க மாட்டார். "ரிசல்ட் என்னாச்சு?" என்றுதான் கேட்பார்.

"ஏண்டா, ரிசல்ட் வந்திருச்சாமே?"

"வந்திருச்சு பெரியப்பா."

"என்னவாம்?"

"எல்லாம் பாஸ். ஒரே ஒரு பேப்பர்தான்... நின்னுபோச்சு."

"எது?"

குரலைக் கூடியமட்டும் இறக்கி, "காஸ்ட் அக்கவுன்டிங்" என்றேன். கூட்டத்தில் நாம் ரகசியமாகச் சொல்லும்போதுதான் நாதஸ்வரக்காரர் சீவாளி மாற்றுவதற்காக நிறுத்துவார். அன்றைக்கும் நிறுத்தினார். மண்டபம் பூராவும் கேட்டது. சாம்பார் வாளியோடு வந்தவர்கூட ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

பெரியப்பா சத்தமாகச் சிரித்தார். "கணக்குப் படிக்கிறவன் கணக்குலயே ஃபெயிலா! வாசல்ல மொய் எழுத ஆள் பத்தலைன்னாங்க, உன்னைய அனுப்பலாம்னு நெனச்சேன். நீ மொய் எழுதக்கூட லாயக்கில்லையேடா!"

வரிசையே சிரித்தது. எங்கள் வீட்டு ஆட்களும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது? மூன்று இலை தள்ளி உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா பாயசம் வேண்டாம் என்று சொல்லி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பக்கத்தில் இருந்த சித்தி பையன் என் காதில் கிசுகிசுத்தான். "டேய், நீ சோத்துல உப்பு போட்டுத்தானே சாப்பிடறே?"

இலை ஓரத்தில் இருந்த உப்பைப் பார்த்தேன். தொட்டு நாக்கில் வைத்தேன். சபதம் போட்டேன்.

* * *

சபதம் போடுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. பாஞ்சாலி கூந்தலை அவிழ்த்தாள், சாணக்கியர் குடுமியை அவிழ்த்தார். நமக்கு அவிழ்க்க ஒன்றும் இல்லாததால், மனசுக்குள்ளேயே சபதம் போட்டுக்கொள்கிறோம். 1992-ல் 'அண்ணாமலை' படம் ஓடிய ஓட்டத்துக்குக் காரணம் என்ன? பால்காரர் பணக்காரர் ஆனதா? இல்லை. 'உன்னைவிடப் பெரிய ஆளாகிக் காட்டறேன்' என்று பணக்கார நண்பனிடம் சவால் விட்டாரே, அதுதான். தியேட்டரில் விசில் அடித்த ஒவ்வொருத்தருக்கும் மனசுக்குள் ஒரு நண்பனோ, மாமாவோ, மேனேஜரோ நின்றிருப்பார்கள்.

என் சபதம் இது. சி.ஏ. ஆக வேண்டும். சொந்தக் காரில் பெரியப்பா வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். கதவைச் சாத்தும் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். அவர் வெளியே வந்து, "யாரு?" என்று கேட்கும்போது நான் கண்ணாடியைக் கழற்றி... எனக்குப் பார்வைக் கோளாறே கிடையாது. இந்தக் காட்சிக்காகவே ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி வைத்திருந்தேன்!

சும்மா சொல்லக் கூடாது, ரோஷம் நன்றாகவே வேலை செய்தது. நவம்பரில் அந்த அரியர் பேப்பரை எழுதினேன். 78 மார்க்! ஜூனில் 31 வாங்கியவன். இடையில் எனக்கு மூளை வளரவில்லை, புது டியூஷன் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் தூக்கம் வரும்போது பெரியப்பா சிரிப்பதை நினைத்துக்கொள்வேன். தூக்கம் போய்விடும். காபிச் செலவு மிச்சம்.

ஆக, 'உன்னால முடியாது' என்று ஒருவர் சொன்னால் முடியும் என்று காட்டும் வெறி வருகிறதே, அது பொய்யில்லை. நிஜமான சக்தி. என் சந்தேகம் வேறு. அந்தச் சக்தி எவ்வளவு தூரம் வரும்? அதற்குப் பில் யார் கட்டுவது?

* * *

அதே 2009, அதே ஆவணி மாதம். நான் மதுரையில் சபதம் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் அமெரிக்காவில் ஒருவர் தன் மொய் நோட்டை மைக் வைத்துப் படித்தார். சாதாரண ஆள் இல்லை. மைக்கேல் ஜோர்டான். கூடைப்பந்து தெரியாதவர்களுக்கும் அவர் பெயர் தெரியும். குறைந்தபட்சம் அவர் பெயர் போட்ட ஷூவாவது தெரியும்.

செப்டம்பர் 11. ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் கூடைப்பந்து மேதைகளுக்கான மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்க்கும் விழா. அப்போது அவருக்கு வயது 46. சிகாகோ புல்ஸ் அணிக்காக 6 தடவை சாம்பியன்ஷிப் ஜெயித்தவர். அந்த விளையாட்டில் ஜெயிப்பதற்கு அவருக்கு எதுவும் மிச்சமில்லை. மேடை ஏறியதும் அழுதார். அந்த அழுகிற முகம்தான் இன்றைக்கும் மீம்ஸ்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது மேட்ச் தோற்றால் உடனே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

அழுகை நின்றதும் கணக்கைத் திறந்தார். எந்தெந்தக் கோச், எந்தெந்த எதிரணி ஆட்டக்காரர், யார் யார் தன்னைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்று வரிசையாக! கல்லூரியில் முதல் வருஷம் படித்தபோது ஒரு பத்திரிகை அட்டைப் படத்தில் தன் டீம் கோச் மற்ற நாலு பேரை நிறுத்திவிட்டுத் தன்னை விட்டுவிட்டது வரைக்கும் நோட்டில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சங்கதி. விழாவுக்கு அவர் பிரத்யேகமாக அழைத்திருந்தவர்களில் ஒருவர், லெராய் ஸ்மித். யார் இவர்? 1978-ல் வில்மிங்டன் என்ற ஊரில் ஜோர்டானோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். 15 வயசு ஜோர்டானை பெரிய பையன்கள் டீமில் எடுக்காமல், ஜூனியர் டீமில் போட்டார் கோச். அந்த வயசில் அதுதான் வழக்கம். ஆனால் அவர் வயசுக்காரர்களில் ஒருவரை மட்டும் பெரிய டீமுக்கு ஏற்றிவிட்டார். லெராய் ஸ்மித்! ஜோர்டானைவிட அரையடிக்கு மேல் உயரம். டீமுக்கு உயரமான ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். லிஸ்ட்டில் தன் பெயர் இல்லாததைப் பார்த்த பையன் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

31 வருஷம் கழித்து அந்த லெராயை மேடைக்கு எதிரே உட்கார வைத்து, 'அன்றைக்கு என்னை எடுக்காதது தப்பு என்று அந்தக் கோச்சுக்குத் தெரியட்டும்' என்கிற அர்த்தத்தில் பேசினார் ஜோர்டான். பாவம், லெராய் என்ன செய்தார்? உயரமாக வளர்ந்தார். அது ஒரு குற்றமா?

ஜோர்டானின் பெருமைக்கு இதனால் ஒரு குண்டுமணி குறைவு இல்லை. கோபத்தை அவரைப் போல உழைப்பாக மாற்றியவர் யார்? நம்மில் பாதிப் பேர் கோபத்தை பி.பி.யாக அல்லவா மாற்றுகிறோம்? ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. உலகத்திலேயே முதல் ஆளாகிவிட்டார். பணம், புகழ், கோப்பை, எல்லாம் வந்தாயிற்று. நோட்டை மட்டும் மூட முடியவில்லை.

இன்னொரு கதை இதைவிட வேடிக்கை. 1993 மார்ச் 19. வாஷிங்டன் அணியில் லாபிராட்ஃபோர்டு ஸ்மித் என்ற இளைஞர். பெரிய பெயர் இல்லை. அன்றைக்கு என்ன யோகமோ, ஜோர்டான் அணிக்கு எதிராக 37 பாயிண்ட் எடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்து போகும்போது "நல்லா ஆடினீங்க, மைக்" என்று நக்கலாகச் சொன்னாராம். விட்டாரா ஜோர்டான்? மறுநாளே அதே அணியோடு மேட்ச். முதல் பாதியிலேயே 36 பாயிண்ட்! மொத்தம் 47!

இதில் ஜோக் என்ன தெரியுமா? லாபிராட்ஃபோர்டு அப்படி ஒரு வார்த்தையே சொல்லவில்லை. தனக்கு ரோஷம் வருவதற்காக தானே கட்டிவிட்ட கதை என்று ஜோர்டானே பிறகு ஒப்புக்கொண்டார். அவமானப்படுத்த ஆள் கிடைக்காதபோது, ஆளையும் அவரே ஏற்பாடு செய்துகொண்டார்!

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெரியப்பா சொன்னது ஒரே ஒரு வரி. வருஷம் போகப் போக, என் ஞாபகத்தில் அது நாலு வரி ஆயிற்று. அவர் சொல்லாத "உருப்படவே மாட்டே" என்பது அதில் சேர்ந்துகொண்டது. அவர் பார்க்காத பார்வை சேர்ந்துகொண்டது. அசல் 101. என் நோட்டில் வட்டியோடு 10,001!

* * *

சி.ஏ. கதைக்கு வருகிறேன். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெருமைப்படும்படி அதில் ஒன்றும் இல்லை.

நாலு வருஷம். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப். மற்றவர்கள் வவுச்சரில் டிக் அடிக்கும் உத்தியோகம். மாசம் பிறந்தால் கிடைத்த உதவித்தொகை பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாக இருக்கும். பரீட்சை எழுதுவேன். ஒரு குரூப் தேறும், இன்னொன்று தேறாது. மறுபடி எழுதுவேன். தப்பாக நினைக்காதீர்கள். சி.ஏ. உயர்ந்த படிப்பு. அதை ஆசைப்பட்டுப் படிக்கிறவர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். என் பிரச்னை, எனக்கு அதில் ஆசையே இருக்கவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் லெட்ஜருக்கு நடுவே பேப்பர் வைத்து நான் எழுதியது ஜோக்ஸ். ஒன்றிரண்டு பத்திரிகையில் வந்தது. ஒரு ஜோக்கைப் படித்து பஸ்ஸில் யாரோ ஒருவர் தனியாகச் சிரித்ததைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், 78 மார்க்குக்கு வரவில்லை.

அப்படியானால் சி.ஏ. ஏன்? 'கணக்கு வராது' என்று பெரியப்பா சொன்னார். அதனால் கணக்கு வரும் என்று காட்ட வேண்டும். அவர் 'உனக்குப் பாட்டு வராது' என்று சொல்லியிருந்தால் நாலு வருஷம் சங்கீத வித்வானிடம் போய் ஸரிகமபதநி சொல்லியிருப்பேன். ஊர் தப்பித்தது!

இங்கேதான் ஸார் விஷயம் இருக்கிறது. நம்மைச் சந்தேகப்பட்டவரைத் தோற்கடிக்கக் கிளம்பும்போது, நாம் எங்கே போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துவிடுகிறார். சிலபஸ் அவருடையது. பரீட்சை ஹால் அவருடையது. மார்க் போடும் பென்சிலும் அவர் கையில். பரீட்சை எழுதுவது மட்டும் நாம். இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், தான் வாத்தியார் என்பதே அவருக்குத் தெரியாது! ஜோர்டான் தப்பித்ததற்குக் காரணம், 'உனக்கு வராது' என்று சொல்லப்பட்ட அதே விஷயத்தில்தான் அவருக்கு உயிரே இருந்தது. நமக்கெல்லாம் அந்த அதிர்ஷ்டம் வாய்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

* * *

ஜோர்டான் கொடி கட்டிப் பறந்த அதே சிகாகோ நகரத்தில், அதே சமயம் இன்னொரு பெரியவர் இருந்தார். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். எஸ்.சந்திரசேகர். அவர் பட்ட அவமானத்துக்கு முன்னால் நம்முடையதெல்லாம் தூசு.

1930-ல், 19 வயசில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஒரு கணக்குப் போட ஆரம்பித்தார். நாம் ரயிலில் சீட்டாடுவது மாதிரி அவருக்குக் கணக்கு. எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் என்ன ஆகும்? எல்லாம் சின்னதாகச் சுருங்கி அமைதியாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். இவர் கணக்கோ, ஒரு அளவுக்கு மேல் கனம் இருந்தால் அது அமைதியாகாது, மேலும் மேலும் சுருங்கும் என்றது. அந்த அளவு, நம் சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. இன்றைக்கு அதற்குப் பெயரே 'சந்திரசேகர் எல்லை'.

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். 24 வயசு இளைஞர் கணக்கை விளக்கிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியலில் அவர் வைத்ததுதான் சட்டம். சந்திரசேகர் இருந்த அதே டிரினிட்டி கல்லூரிக்காரர். மாதக்கணக்கில் இவர் அறைக்கு வந்து கணக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனவர். மேடையில், 'ஒரு நட்சத்திரம் இப்படிப் பைத்தியக்காரத்தனமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கும்' என்கிற ரீதியில் போட்டு உடைத்தார். கூட்டம் சிரித்தது.

எனக்குத் தெரியும் ஸார், அந்தச் சிரிப்பு. பந்தியில் கேட்டது.

அப்புறம் நடந்தது எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான். 'நீ சொல்றதுதான் சரி, எடிங்டன் சொல்றது தப்பு' என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் தனியாகச் சொன்னார்கள். வெளியே வந்து சொல்ல ஒருவரும் தயாராக இல்லை. மீட்டிங்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, டீக்கடையில் "உங்க பக்கம்தான் நியாயம் பாஸ்" என்று தோளில் தட்டுகிற ஆட்கள் அன்றைக்கும் இருந்தார்கள்!

சந்திரசேகர் என்ன செய்தார்? 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1939-ல், தன் ஆராய்ச்சியை எல்லாம் ஒரு புத்தகமாக எழுதி வைத்தார். அத்தோடு அந்த விஷயத்தை விட்டு வேறு பக்கம் போய்விட்டார். நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளி பரவும் விதம், பாய்மங்கள் எப்போது நிலைகுலையும் என்று ஒவ்வொன்றாக எடுத்து, முழுசாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய புத்தகம் எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வலித்திருக்கும். ஆனால் எடிங்டனைத் தோற்கடிப்பதே தன் உத்தியோகம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. சிலபஸை அவரே போட்டுக்கொண்டார்.

எடிங்டனோடு பேச்சை முறித்துக்கொள்ளவும் இல்லை. கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. 1944-ல் எடிங்டன் இறந்தபோது, இரங்கல் உரையில் அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியலாளர்களில் ஒருவராக வைத்துப் பேசினார் சந்திரசேகர். 1983-ல் நோபல் பரிசு வந்தது. அப்போது அவருக்கு 73 வயசு. லண்டன் கூட்டம் சிரித்து 48 வருஷம் ஆகியிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் அந்த 48 வருஷமும் தபால்காரரையே பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

* * *

என் சி.ஏ. மூன்றாம் தடவை தேறாமல் போனபோது அம்மாதான் கேட்டாள். "ஏம்ப்பா, இதை யாருக்காகப் படிக்கிறே?" உனக்காகத்தான், அன்றைக்கு நீ பாயசம் சாப்பிடவில்லையே என்று சொல்ல நினைத்தேன். வாயில் வரவில்லை. அந்த வாரமே புத்தகங்களைக் கட்டி ஜூனியர் பையனிடம் கொடுத்தேன். எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். வருமானம் குறைச்சல்தான். ஆனால் ராத்திரி விழித்திருக்க பெரியப்பா முகம் தேவைப்படவில்லை.

2023. பெரியப்பாவின் கடைசிப் பெண் கல்யாணம். இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் மொய்க்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பேர், ஊர், தொகை தட்டினால் ரசீதே கையில் வரும். பெரியப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "கரன்ட்டு போனா என் மொய்யும் போயிரும்" என்று நோட்டுதான் போட்டார். வழக்கமாக எழுதும் ரிடையர்டு வாத்தியாருக்கு அன்றைக்குக் காய்ச்சல். மண்டபத்தில் சுற்றிப் பார்த்த பெரியப்பாவின் கண் என் மேல் விழுந்தது.

"டேய், நீ பி.காம். தானே? வா, வந்து உட்காரு. உன்னைய விட்டா யாரு எழுதுவா?"

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். நக்கல் இல்லை, பழைய ஞாபகத்தின் ஒரு நிழல்கூட இல்லை. நோட்டையும் பேனாவையும் கையில் திணித்துவிட்டு, "ஊர்ப் பேரைச் சேர்த்து எழுது, இதே ஊர்ல நாலு முருகேசன் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலு மணி நேரம் எழுதினேன். கூட ஒரு பையன் பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டான். கடைசியில் கூட்டிப் பார்த்தால் 100 ரூபாய் குறைகிறது! எனக்கு வியர்த்துவிட்டது. 14 வருஷத்துக்கு முன்னால் அவர் சொன்னதை நானே நிரூபித்துவிட்டேனா? மேஜையைக் கவிழ்க்காத குறையாகத் தேடினோம். சந்தனக் கிண்ணத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த நோட்டு. உயிர் வந்தது.

ராத்திரி, மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கணக்கைப் பார்த்தார். "சுத்தமா இருக்குடா" என்றார். இந்த வார்த்தைக்காக ஒரு காலத்தில் நான் கூலிங் கிளாஸ் வாங்கி வைத்திருந்தேன்! இப்போது கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஒரு வடை சாப்பிடும் நேரத்துக்கு நன்றாக இருந்தது. அப்புறம் முதுகுவலி தெரிய ஆரம்பித்துவிட்டது.

சரி, கேட்டே விடுவோம் என்று கேட்டேன். "பெரியப்பா, 2009-ல ஒரு கல்யாணத்துல, பந்தியில வெச்சு, நான் மொய் எழுதக்கூட லாயக்கில்லன்னு சொன்னீங்களே..."

"நானா? எந்தக் கல்யாணம்?"

சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லியிருப்பேன்டா. அந்த வருஷந்தான் உங்க அண்ணன் இன்ஜினீயரிங்ல ஆறு பேப்பரை விட்டுட்டு வந்து நின்னான். எனக்கும் உங்க பெரியம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும். எவனாவது 'உங்க பையன் என்ன பண்றான்'னு கேட்டுருவானோன்னு பயம். அதான், அவன் கேக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டு ஊர்ப் பையன்களை எல்லாம் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்..." கொஞ்சம் நிறுத்தி, "உங்கம்மா அதைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சாடா?" என்றார்.

"ஆமா பெரியப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய், சமையற்கட்டில் மிச்சம் இருந்த பாயசத்தை ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு வந்து, "உங்கம்மாகிட்ட குடு" என்றார்.

எனக்கு ஆறு பேப்பர் கதை தெரியாது. அவருக்கு என் ஒரு பேப்பர் கதை ஞாபகம் இல்லை. அவர் என்னைப் பற்றிச் சொன்னதாக நான் 14 வருஷம் சுமந்த ஒரு வரி, என்னைப் பற்றியதே இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், வேறு விதத்தில்!

உங்கள் ஆபீஸிலும் 'இவன் தேற மாட்டான்' என்று ஒருவர் சொல்லியிருப்பார். முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது வேலையைப் பற்றியா, ஆளைப் பற்றியா? 'இந்த ஸ்டேட்மென்ட்டில் கூட்டல் தப்பு' என்றால், அவர் எதிரி இல்லை. கூட்டலைச் சரிபார்த்துவிட்டு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்கள். ஆளைப் பற்றி என்றால், அந்த ரோஷத்தை வைத்து ஒரு அரியரை முடியுங்கள், ஒரு பைலை முடியுங்கள். கூடவே, அவரே இல்லாவிட்டாலும் இந்த வேலையைச் செய்வேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சோற்றில் உப்பு போட்டுத்தான் சாப்பிட வேண்டும், ஸார். உப்பையே சாப்பாடாகச் சாப்பிட முடியாது.

இதை எழுதி முடித்து என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தாள்.

"எல்லாம் சரிங்க. நோட்டை மூடிட்டேன்னு சொல்ல இத்தனை பக்கமா? மூடினவர் தேதி, மாசம், உப்பு, சாம்பார் வாளி வரைக்கும் ஞாபகம் வெச்சிருப்பாரா? நீங்களாவது, மறக்கறதாவது!"

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

குறித்து வைத்துக்கொண்டேன்.